ஜெயபாய்க்கு வந்த விசாரணை நோட்டீஸ்

ஜெயபாய் செத்து ஒரு வருடமும் பதினோரு மாதமும் பத்து நாளும் ஆன ஒரு வெள்ளிக்கிழமை, அவள் பெயருக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது.

தபால்காரர் லிஜோ பாறசாலைப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாசலில் நின்று, "ஜெயபாய் ஆரு? அவங்கதான் ஒப்பிடணும்" என்று கையெழுத்துச் சீட்டை நீட்டினார்.

"அவ இல்ல" என்றார் அவள் கணவர் தாசையன்.

"எப்பம் வருவாங்க?"

தாசையன் வீட்டின் பின்பக்கம் பார்த்தார். ஏத்தன் வாழைகளுக்கு நடுவில் சிமெண்டு பூசிய கல்லறை இருந்தது; வாசலிலிருந்து நாற்பது அடி இருந்தால் அதிகம். எப்போது வருவாள் என்பது அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகத்தான் இருந்தது. எக்காளம் ஊதும்வரை மரித்தவர்கள் நித்திரையில் இருப்பார்கள் என்று சபையில் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் நம்புகிறார். ஆனாலும் ஜெயபாயை அடக்கம் செய்த நாள் முதல் பின்கதவுக்குக் கொண்டி போடாமல்தான் படுக்கிறார். மகள் ஷீனாவிடம்கூட இதை அவர் சொன்னதில்லை.

"ஆளில்லன்னு எழுதித் திருப்பி விடட்டா, அண்ணே?"

அதற்குள் தாசையனின் கண் உறையின் மேல் விழுந்துவிட்டது. 'ஜெயபாய், தினக்கூலித் துப்புரவுப் பணியாளர், மூன்றாம் மாடி, நிர்வாகக் கட்டடம்' என்று அதில் மலையாளத்தில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. "வேண்டாம், நான் ஒப்பிடுதேன்" என்று பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

அந்த ஒரு வரிக்காக அவர் திருவனந்தபுரத்துக்குப் பதினோரு தடவை போய் வந்திருக்கிறார். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொல்வதென்றால் அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது, அதைப் பதிவாளர் பரிந்துரைக்க வேண்டும். ஜெயபாய் அங்கே பதினோரு வருடம் மூன்றாம் மாடியைப் பெருக்கினாள். விடியற்காலை பாசஞ்சரில் போய், ஏழரைக்கு வாரியலைக் கையில் எடுத்து, எட்டரைக்குள் மாடி முழுவதையும் முடித்துவிடுவாள். ஒருநாள் எட்டரை மணிக்கு, மூன்றாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வாரியல் கையிலேயே இருந்தது.

பத்து வருடம் வேலை பார்த்த ஒருவர் வேலையில் இருக்கும்போது செத்தால் வாரிசு ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. ஆசிரித நியமனம் என்று அதற்குப் பெயர். இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். ஷீனா பி.காம். முடித்துவிட்டு நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. அவளை அங்கிருந்து இறக்கிக் கொண்டுவர இந்த விதி ஒன்றுதான் தாசையனுக்குக் கண்ணில் பட்ட வழி. விண்ணப்பம் கொடுத்தார். பதில் வந்தது. அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கிறது. எட்டரை மணிக்கு வளாகத்தில் இருக்கும் எவரும் பணியாளர் ஆகமாட்டார். ஆகவே இறந்தவர் பார்வையாளர் என்றே கருதப்படுகிறார். பார்வையாளர் நேரம் மாலை மூன்று முதல் ஐந்து என்பதைக் கடைசி வரியில் குறிப்பிட அவர்கள் மறக்கவில்லை. அவள் பெயர் இருந்த வருகை நோட்டைக் கேட்டார். அது கறையான் தின்றுபோனது என்று முத்திரை வைத்து எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது அதே முத்திரை வைத்த காகிதத்தை ஷீனா வாசித்தாள்.

'தாங்கள் நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியை உரிய அனுமதியின்றித் தினந்தோறும் பெருக்கி வருவது இந்த அலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. வரும் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணைக் குழுவின் முன் நேரில் ஆஜராகி விளக்கம் தர வேண்டும். தவறினால் தங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று கருதி மேல்நடவடிக்கை எடுக்கப்படும். அசல் அடையாள அட்டையைக் கொண்டு வரவும்.'

ஷீனா இரண்டாம் தடவை வாசிக்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. "அம்மை அங்கெயா அப்பா இருக்கு?"

தாசையனுக்குப் பயம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. வீட்டில் ஒருவன் கதவைத் திறந்து வைத்துக் காத்துக் கிடக்கிறான். அவள் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கிறாளாம்.

திங்கட்கிழமை அவர் பன்னிரண்டாம் தடவையாகப் போனார். செக்‌ஷன் ஆபீசர் அனந்தபத்மநாபன் வலியசாலை அக்ரகாரத்துக்காரர். அப்பா, தாத்தா எல்லோரும் சர்க்கார் காகிதத்தில் வாழ்ந்தவர்கள். நல்ல மனிதர், அந்த நல்லதனத்துக்கு ஃபைல் நம்பர் கிடையாது என்பதால் ஆபீஸ் நேரத்தில் அதைப் பயன்படுத்தியதில்லை.

"வாங்கோ, உக்காருங்கோ. நீங்க என்னத்துக்கு வந்தேள்? நோட்டீஸ் அவாளுக்கில்லையா?"

"அவ செத்துப் போனா, சாரே. ஒங்களுக்குத் தெரியுமில்லியா?"

"எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதாக்கும்."

பிறகு அவர் நடந்ததையெல்லாம் தணிந்த குரலில் சொன்னார். கலைவிழா வருகிறது. மாணவர் சங்கத் தலைவன் பிரணவ் மூன்றாம் மாடி அரங்கத்தில் நாடகம் போட அனுமதி கேட்டான். நாடகத்தில் ஒரு பேய் வருகிறது. அந்தப் பேய் அடையாள அட்டை அணிந்திருக்க வேண்டும், ஆறு மணிக்குள் மேடையை விட்டு இறங்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஆபீஸ் அனுமதி கொடுத்தது. அரங்கம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி போனார். மாடி கண்ணாடி போலப் பளிச்சென்று கிடந்தது. வந்தது வினை. ஜெயபாய் போன பிறகு அந்த மாடிக்கு யாரையும் போடவில்லை. இரண்டு வருடமாக யாருமே பெருக்காத மாடி எப்படிச் சுத்தமாக இருக்கலாம்? ஆபீசில் அழுக்கு என்றால் ஒருவருக்கும் கேள்வி வராது. சுத்தத்துக்குத்தான் விளக்கம் வேண்டும்.

காமிராவைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் ஆள் இல்லை. காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை தரையில் தூசு மட்டும் வரிசை வரிசையாகக் கிழக்கு மூலைக்கு நகர்ந்து போகிறது. எட்டரைக்கு, படிக்கட்டுத் திருப்பத்தில், நின்றுவிடுகிறது.

"ரெஜிஸ்ட்ரார் உடனே சர்க்குலர் போட்டார், கேட்டேளா. வளாகத்தில் பேய் எதுவும் இல்லை. பேயைக் காண்பவர்கள் இணைப்புப் படிவத்தை மூணு காப்பி பூர்த்தி செஞ்சு துறைத்தலைவர் வழியா அனுப்பணும்னு. அதுவரைக்கும் ரெண்டு பேர்தான் பாத்திருந்தா. சர்க்குலர் வந்தப்புறம் நாப்பத்தொரு பேர் பாத்துட்டா. படிவத்தில் 'பேயின் பதவி'ன்னு ஒரு கட்டம் இருந்தது. எல்லாரும் பெருக்கற தூப்புக்காரின்னு எழுதியிருந்தா. வெளியேத்தலாம்னார் ரெஜிஸ்ட்ரார். லீகல் அட்வைசர் மீரா மேடம் ஒத்துக்கலை. எந்த ஆளையும் விசாரிக்காம வெளியேத்தப்பிடாதுன்னுட்டா. விசாரிக்கணும்னா பேர் வேணுமே. அதான் பழைய வருகை நோட்டை எடுத்துப் பாத்து..."

"நோட்டு இருக்கா, சாரே?" தாசையன் எழுந்து நின்றுவிட்டார். "கறையான் தின்னு போச்சுன்னு எனக்கு எழுதித் தந்தீங்களே."

"அது எஸ்டாப்ளிஷ்மெண்ட் செக்‌ஷனுக்குத் தின்னு போச்சு. செக்யூரிட்டி செக்‌ஷனுக்கு இருக்கு. ரெண்டும் வேற வேற செக்‌ஷனாக்கும்." அனந்தபத்மநாபன் இதைச் சொல்லும்போது மேசையைப் பார்த்தார். வெட்கம் என்று ஒன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வருவது அபூர்வம். அதனால் தாசையன் மேற்கொண்டு கத்தவில்லை. வியாழக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

விசாரணை மூன்றாம் மாடியில் வைக்கப்பட்டது. கட்சிக்காரரின் வசதியைக் கருதி என்று குறிப்பில் இருந்தது. நீள வராந்தா, அதன் மேற்குக் கோடியில் கமிட்டி அறை. தாசையன் இதுவரை அந்த மாடிக்கு வந்ததில்லை. முந்திய பன்னிரண்டு தடவையும் அவரைத் தரைத்தளத்தோடு அனுப்பிவிட்டார்கள். அதனால் அவள் செத்த இடத்தையே இன்றுதான் பார்த்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் செருப்பைக் கழற்றினார். மற்றவர்கள் எல்லோரும் அதன்மேல் நடந்துதான் போனார்கள்.

வராந்தாவின் தரையில் மெல்லிய வளைவுகள் தெரிந்தன. ஈர்க்கில் நுனி இழுத்த கோடுகள். பெருக்கிய ஆளின் காலடித் தடம் மட்டும் இல்லை. ஜெயபாய் பின்னால் நடந்தபடியேதான் பெருக்குவாள். பெருக்கிய இடத்தில் தன் கால் படக்கூடாது என்பது அவளுடைய பிடிவாதம். வீட்டு முற்றத்தையும் அப்படித்தான் செய்வாள். முடித்ததும் வாரியலின் அடியைச் சுவரில் மூன்று தடவை தட்டுவாள். தாசையன் அந்தக் கோடுகளை மிதிக்காமல் சுவர் ஓரமாகவே ஒட்டி நடந்து அறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

நடுவில் பதிவாளர் டாக்டர் ஹரிநாராயணன். வலப்பக்கம் வக்கீல் மீரா. இடப்பக்கம் மாணவர் பிரதிநிதியாகப் பிரணவ். குறிப்பெடுக்க அனந்தபத்மநாபன்.

"நீங்கள் யார்?" என்றார் பதிவாளர்.

"அவளுக்க மாப்பிள்ளையாக்கும், சார்."

"கட்சிக்காரர் உங்களை நியமித்துக் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் இருக்கிறதா?"

இல்லை. ஆகவே அவர் மூலையில் ஒரு ஸ்டூலில் பார்வையாளராக உட்கார வைக்கப்பட்டார். அந்தக் குடும்பத்துக்கு இது இரண்டாவது பார்வையாளர் பட்டம்.

பிரணவ் கையைத் தூக்கினான். "சார், ஒரு சம்சயம். அந்தச் சேச்சி எப்படி மரிச்சாங்க?"

"அது இந்தக் கமிட்டியின் விசாரணை வரம்புக்குள் வராது" என்றார் பதிவாளர். "அட்டெண்டர் அழைக்கட்டும்."

அட்டெண்டர் பிரதீஷ் வாசலில் நின்று, வராந்தாவைப் பார்த்து, முறைப்படி கூப்பிட்டார். "ஜெயபாய்!" ஒன்றும் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. "ஜெயபாய்!" கீழே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மூன்றாவது தடவை பிரதீஷின் குரல் பாதியில் கரகரத்தது.

வராந்தாவின் கிழக்குக் கோடியில் சர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. சற்று விட்டு இன்னொன்று. ஈர்க்கில் வாரியல் சிமெண்டுத் தரையில் இழுபடும் சத்தம். வீட்டில் பெருக்கிப் பழகியவர்களுக்கு அதில் சந்தேகம் வராது. அவசரமே இல்லாமல் அது நெருங்கி வந்தது. அறை வாசலில் நின்றது. பிறகு வெளிச்சுவரில் மூன்று தட்டு.

காலை எட்டரைக்கு மேல் அவள் எப்போதும் அங்கே நின்றதில்லை. பதினொரு மணிக்கு வரச் சொல்லி ஆபீசிலிருந்து காகிதம் போயிருக்கிறது, அதனால் வந்திருக்கிறாள். ஆபீஸ் காகிதத்தை அவள் உயிரோடு இருந்தபோதும் ஒரு தடவைகூட மீறியதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தாசையன் அழுதார். அவ்வளவு பக்கத்தில் அவள் சத்தத்தைக் கேட்டு இரண்டு வருடமாகிறது.

பிரதீஷ் அறைக்குள் வந்து கதவின் பின்னால் நின்றுகொண்டார். பிரணவின் முகம் வெளுத்துவிட்டது. பதிவாளர் தொண்டையைக் கனைத்தார். இருபத்தெட்டு வருடச் சர்வீஸில் எதற்கும் அசையாதவர்.

"கட்சிக்காரர் ஆஜர் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏன் உள்ளே வரவில்லை என்று கேளுங்கள்."

யாரிடம் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூலையிலிருந்து தாசையன் சொன்னார். "அவ உள்ள வரமாட்டா, சார். பதினோரு வருஷத்துல சாருமாரு இருக்கிற முறிக்குள்ள அவள ஆரும் கூப்பிட்டதில்ல. எப்பவும் வாசலோட சரி."

"பார்வையாளர் பேசக்கூடாது" என்றார் மீரா. ஆனால் 'கட்சிக்காரர் பணிவு காரணமாக வெளியே நின்றார்' என்று குறிப்பில் எழுதச் சொன்னார். விளக்கம் கேட்கப்பட்டது. ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். வெளியே மறுபடியும் மெதுவாகப் பெருக்கும் சத்தம் கேட்டது. அதையே விளக்கமாக ஏற்றுக்கொண்டார்கள்.

அப்போதுதான் பதிவாளருக்கு முகத்தில் ஓர் ஒளி வந்தது. அவர் எழுந்து நின்று பேசினார். மேடை மலையாளத்தில் பேசியதை நாம் தமிழில் தருகிறோம், அதனால் அதன் கனம் சற்றுக் குறையத்தான் செய்யும்.

"நண்பர்களே, இவரை வெளியேற்றத்தான் இங்கே கூடினோம். ஆனால் என் மனம் மாறிவிட்டது. லீவு கேட்காத, சாயா குடிக்கப் போகாத, சங்கத்தில் சேராத, கோரிக்கை வைக்காத, கண்ணுக்கே தெரியாத ஒரு பணியாளரை நான் என் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. இரண்டு வருடமாக இந்த நிறுவனம் இவருக்கு எதுவும் செய்யவில்லை. இவரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை. நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே இவ்வளவு இணக்கமான உறவை வேறு எங்கே பார்க்க முடியும்? நம் ஊழியர்கள் அனைவரும் இந்த நிலையை அடைய வேண்டும் என்பதே என் கனவு. இவருக்கு நாம் மூன்றாம் மாடியில் தொடர அனுமதி அளிக்கிறோம். இரண்டாம் மாடியையும் கூடுதலாக ஒப்படைக்கிறோம். கழிவறைகளைச் சோதனை முறையில் சேர்க்கலாம்."

வாசலில் சத்தம் நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தாசையனுக்குத் தோன்றியது. அவர் எழுந்து மேசையருகே போனார்.

"சார், அவ இங்க ஜோலி செய்யுதா என்னுள்ளதுக்கு ஒரு பேப்பர் தரணும்."

"தாராளமாக" என்றார் மீரா. "பணியில் இருக்கிறார் என்று தருகிறோம்."

"அப்பம் எனக்க மகளுக்க காரியம்? ஆசிரித நியமனம்? இன்னும் பதினாலு நாளுதான் இருக்கு."

மீரா கனிவாகத்தான் சொன்னார். "அது இறந்தவருடைய வாரிசுக்கு. உங்கள் மனைவி பணியில் இருக்கிறார். நீங்களும் சத்தத்தைக் கேட்டீர்கள், கமிட்டி முழுவதும் கேட்டது. பணியில் இருப்பவர் இறந்துவிட்டார் என்று எந்தச் சட்டத்தில் நான் எழுதுவது?"

"நேத்து வரெ அவ இங்க ஜோலியே செய்யலன்னு சொன்னீங்க, மேடம்."

"நேற்று வரை அதுதான் நிலைமை" என்றார் மீரா. கமிட்டி கலைந்தது. சாயாவும் பழம்பொரியும் வந்தன. பார்வையாளருக்குக் கிடையாது.

அனந்தபத்மநாபன் தாசையனைப் படிக்கட்டருகே வந்து பிடித்தார். முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார். இருபது வருடத்தில் ஆபீஸ் நேரத்தில் அவர் செய்த முதல் காரியம் அது.

"நான் சொன்னேன்னு சொல்லப்பிடாது. அவா பெருக்கிண்டிருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் நடக்காது. அனுமதி குடுத்தாச்சு, இப்போ அவா ரெக்கார்டில் ஸ்டாஃப். ஸ்டாஃப் வராம நின்னா மெமோ போகும். மெமோவுக்கு மறுமொழி இல்லேன்னா ஆளைத் தேடணும். தேடினா நீங்க கல்லறையைக் காட்டுங்கோ. கலைவிழா பக்கத்தில் வந்துடுத்து, மாடியில் தூசு நின்னா ரெஜிஸ்ட்ராருக்கு உடனே ஆள் வேணும். விளம்பரம் போடாம உடனே ஆள் போடணும்னா ஆசிரித நியமனம் ஒண்ணுதான் வழி." அவர் கொஞ்சம் தயங்கினார். "அவா நின்னாத்தான், அவா போயிட்டான்னு ஆபீஸ் ஒத்துக்கும். அவாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் கீழே போய்விட்டார்கள். மூன்றாம் மாடி வெயிலில் காலியாகக் கிடந்தது. கிழக்குக் கோடியில் இன்னும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் அவள் போகவில்லை.

தாசையன் நெருங்கிப் போனார். தூசு ஒரு சின்னக் கோடாகச் சேர்ந்து அவரை நோக்கி வந்தது.

"ஏ பிள்ளே" என்றார்.

சத்தம் நின்றது. தூசுக் கோடு அவர் கால் விரலுக்கு ஒரு முழம் முன்னால் அப்படியே நின்றது.

வரும்போது திட்ட வேண்டும் என்றுதான் நினைத்து வந்தார். "ரெண்டு வருஷமா நான் அங்க ஒத்தைக்குக் கெடக்கேன். கதவத் தொறந்து போட்டுக் கெடக்கேன். நீ இங்க வந்து இவனுவளுக்குத் தூத்துக் குடுத்துக்கிட்டு நிக்கே. எனக்க நெனப்பே ஒனக்கு இல்லியா?" சொல்லிவிட்டு உடனே வருத்தப்பட்டார். குரலைத் தணித்தார். "ஷீனாக்கு ஒரு ஜோலி கெடைக்கணும் பிள்ளே. ஜவுளிக்கடையில நின்னு நின்னு அவளுக்க காலு வீங்கிப் போச்சு. நீ இங்க நின்னா அவளுக்குக் கெடைக்காதாம்."

காற்று இல்லை. வராந்தாவின் கம்பிகளுக்கு அப்பால் தென்னை மட்டைகள்கூட அசையவில்லை. அடுத்து சொல்ல வேண்டியது எது என்று அவருக்குத் தெரியும். வாயில் வரவில்லை. சவப்பெட்டியை மூடும்போதும், மண்ணள்ளிப் போடும்போதும், கல்லறைக்குச் சிமெண்டு பூசும்போதும் அவர் அதை அவளிடம் சொல்லாமலே தப்பித்துக்கொண்டவர்.

"நீ செத்துப் போயிட்ட, பிள்ளே" என்றார் கடைசியில். "அன்னைக்கே செத்துப் போயிட்ட. ஒனக்கு ஆரும் சொல்லியிருக்கமாட்டாங்க. இனி ஜோலி போதும். வீட்டுக்கு வா."

நெடுநேரம் நின்றார். பிறகு ஏதோ ஒன்று சுவரோரம் மெல்லச் சாய்த்து வைக்கப்படும் சத்தம் கேட்டது. பார்த்தால் ஒன்றும் இல்லை. தூசுக் கோடு பாதி வழியிலேயே கிடந்தது. அவள் எதையும் பாதியில் விட்டுப் போகிறவள் இல்லை. அது பாதியில் கிடந்ததாலேயே, அவள் போய்விட்டாள் என்று தாசையனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் அனந்தபத்மநாபன் சொன்ன கிரமப்படியே நடந்தன, ஓர் ஆபீசில் அப்படி நடப்பது எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு அபூர்வமாக. வெள்ளிக்கிழமை மாடி பெருக்கப்படவில்லை. சனிக்கிழமை தூசில் புறாக்களின் கால்தடம். திங்கட்கிழமை பதிவாளரின் வெள்ளை வேட்டிக் கரையில் அழுக்கு ஒட்டியது. அன்றே ஜெயபாய்க்கு மெமோ போனது: 'அனுமதி வழங்கப்பட்ட மறுநாளே தாங்கள் முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராமல் இருப்பது மிகுந்த வருத்தத்துக்குரியது.' லிஜோ கொண்டுவந்தார். தாசையன் ஒப்பிட்டார். புதன்கிழமை ஓர் அதிகாரி பாறசாலைக்கு ஜீப்பில் வந்து கல்லறையைப் பார்த்தார், படம் எடுத்தார், அதன் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டார். அதில் பொறித்திருந்த தேதியை ஷீனா காட்டினாள். அது பல்கலைக்கழக ஆவணம் அல்ல என்று அவர் சொல்லிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாம் மாடி அரங்கத்தில் அனுதாபக் கூட்டம் நடந்தது. தாசையனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பெரிய மலர்வளையம், பின்னால் பேனர். ஒரு நிமிட மௌனம் ஒன்றரை நிமிடம் போனது. யாருக்கும் முதலில் உட்காரத் தைரியம் வரவில்லை, எல்லோரும் வராந்தாப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

பதிவாளர் பேசினார். "நம் அன்புக்குரிய ஜெயபாய் சென்ற வாரம் வியாழக்கிழமை வரை நம்மோடு இருந்தார். அன்று நடந்த கமிட்டியில்கூடக் கலந்துகொண்டார். அவருக்கு இரண்டாம் மாடியை ஒப்படைத்த அதே நாளில், மத்தியானம் ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு, பணியில் இருக்கும்போதே அவர் நம்மை விட்டுப் பிரிந்தார். மரணம் யாரையும் சொல்லிவிட்டு வருவதில்லை."

தாசையன் கையில் காகிதம் கொடுக்கப்பட்டது. ஜெயபாய் பதின்மூன்று வருடம் தொடர்ந்து பணியாற்றினாள் என்று அதில் இருந்தது. முத்திரை இருந்தது. பதினோரு தடவை நடந்து கேட்டதற்கு இரண்டு வருடம் கூடவே கிடைத்திருக்கிறது. மரணமடைந்த நாள் என்ற இடத்தில் அந்த வியாழக்கிழமையின் தேதி இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை அவள் செத்தபோது அவர் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் தெரியாது. இந்தத் தடவை பக்கத்தில் நின்று, அவரே வாயால் சொல்லி, சாக வைத்திருக்கிறார். ஆபீஸ் பதிவில் அதற்கு நேரம்கூட இருக்கிறது. கைத்தட்டல் கேட்டது. அவரையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவருக்கு வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

ஷீனாவுக்கு நியமன உத்தரவு அன்று மாலையே வந்துவிட்டது. விண்ணப்பம் இரண்டு வருடக் கெடுவுக்குள் வந்திருப்பதாக, மரணம் நிகழ்ந்து எட்டு நாளே ஆகியிருப்பதாக, அதில் தனியாகக் குறிப்பு இருந்தது. திங்கட்கிழமை விடியற்காலைப் பாசஞ்சரில் அவள் போனாள். தாசையன் ஸ்டேஷன் வரை போய் ஏற்றிவிட்டார்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவள் தோள்பையை இறக்கி வைக்கும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை.

"அங்க ஏதெங்கிலும் உண்டா, மக்களே?"

"தூசுதான் அப்பா. பத்து நாளு தூசு. ரெண்டு தடவ வாரி எடுத்தேன்."

"சத்தம் வல்லதும்?"

ஷீனா அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தது போல இருந்தது. "ஒண்ணும் கேக்கல, அப்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

தாசையன் எழுந்து பின்கதவைத் திறந்து முற்றத்தைப் பார்த்தார். அந்த வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, முற்றத்தை இனிப் பெருக்க வேண்டாம் என்று ஷீனாவிடம் சொல்லியிருந்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. பதினோரு நாள் வாழைச்சருகும் பலாவிலையும் கல்லறை வரைக்கும் விழுந்தது விழுந்தபடியே கிடந்தன.